றம்பொடை ஏற்றத்தில் தொடங்கிய தோள்வலி: நிலாவெளியில் சுழியோடிவிட்டு அன்றே மலையேறிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்டவர் 29 வயதுடைய ஆண். நுவரெலியாவுக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்திலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அயலிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கிறார். புகைப்பழக்கமோ நீண்டகால நோயோ இல்லை. சிறுவயது முதல் கொழுந்து மலையில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு. அவருடைய சம்மதத்துடன் எழுதப்படும் இக்குறிப்பில், அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் எங்கள் சிறிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். "வலது தோள்பட்டை உள்ளுக்குள்ள குடையுது டொக்டர். ராத்திரி பூரா தூக்கமே இல்ல," என்றார். முதல் நாள் பயணம் போய் வந்ததாகவும், பாரமான சாமான்களைத் தூக்கியதால் வந்த வலியாக இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். நான் தோளை அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடத்தில் வலி கூடவில்லை. கையைத் தூக்கவும் சுழற்றவும் சொன்னேன். அசைவினால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. தசைப்பிடிப்பென்றால் அழுத்தும்போதோ அசைக்கும்போதோ நோயாளி முகம் சுளிப்பார். இவர் சுளிக்கவில்லை. அந்த முரண்பாடு கண்முன்னே இருந்தும், வாசலுக்கு வெளியே நீண்டிருந்த திங்கட்கிழமை வரிசையைப் பார்த்துக்கொண்டே டைக்ளோபெனாக் மாத்திரையும் மூன்று நாள் ஓய்வும் எழுதிக் கொடுத்தேன். எங்கே பயணம் போனார், எந்தச் சாமானைத் தூக்கினார் என்று நான் கேட்கவில்லை. இந்நிகழ்வில் நடந்த தவறுகளை வரிசைப்படுத்துவதானால் என்னுடையது கடைசித் தவறு. ஆனால் தடுப்பதற்கு எல்லாவற்றிலும் இலகுவானது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு அவரைத் தாயார் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். தோளிலும் முழங்கையிலும் சித்தாலேப என்ற தடவு மருந்தின் வாசம் தூக்கலாக இருந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை சுடுதண்ணீர் ஒத்தடமும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வலி முழங்கை வரை இறங்கியிருந்தது. இடது பாதம் மரத்துப்போய், பஞ்சின் மேல் நடப்பது போலிருப்பதாகச் சொன்னார். வயிற்றின் இடது பக்கத்திலும் விலாவிலும் நீலமும் சிவப்பும் கலந்த வலைப்பின்னல் போன்ற திட்டுக்கள் தெரிந்தன. பாரிசவாதத்தின் தொடக்கமாக இருக்குமோ என்று நானும் என்னுடன் பணியிலிருந்த இளம் வைத்தியரும் பேசிக்கொண்டிருந்தபோது, மன்னார்க் கரையோரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட தாதி ஒருவர் அந்தத் திட்டுக்களைக் குனிந்து பார்த்தார். பின் நோயாளியிடம் நேராகவே கேட்டார்: "தம்பி, கடலுக்குள்ள இறங்கினனீங்களோ?" அவர் தலையாட்டினார். தாதி என் பக்கம் திரும்பி, "டொக்டர், எங்கட ஊரில சங்கு குளிக்கிற, கடலட்டை பிடிக்கிற ஆக்களுக்கு இப்பிடித்தான் வாறது. சிலண்டரோட இறங்கி, ஒரே நாளில பத்துத் தரம் ஏறி இறங்குறவை. கனபேர் இன்னும் தடியூன்றித்தான் நடக்கினம்," என்றார்.

நோய் நிர்ணயம் அந்த நிமிடத்தில் முடிந்துவிட்டது: ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகும் அமுக்கக் குறைவு நோய். பின்பு நாங்கள் செய்த பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்த மட்டுமே உதவின. இரத்த அமுக்கமானியின் பட்டையை முழங்கையில் சுற்றி 200 மில்லிமீற்றர் இரசம் வரை ஏற்றியபோது முழங்கை வலி தெளிவாகக் குறைந்தது. காற்றை விட்டதும் திரும்பி வந்தது. வெளியிலிருந்து அமுக்கினால் குறையும் வலிக்குக் காரணம், அமுக்கினால் சுருங்கும் பொருளாக, அதாவது வாயுவாக, இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை எல்லா நோயாளிகளிடமும் பலிப்பதில்லை, இவரிடம் பலித்தது. இடது பாதத்தில் ஊசி முனையின் உணர்வு மங்கியிருந்தது, கணுக்காலின் பலமும் சற்றுக் குறைந்திருந்தது. ஒரு பாதத்தின் குதிக்காலை மற்றதன் விரல்களோடு ஒட்டி வைத்து, கைகளை மார்பில் கட்டி, கண்களை மூடி நிற்கச் சொன்னோம். சுகதேகிகள் ஒரு நிமிடம் வரை சாதாரணமாக நிற்பார்கள். இவர் எட்டு வினாடிகளில் சரிந்தார்.

பயண வரலாறு

இங்கிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவமழை கொட்டித் தீர்க்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் திருகோணமலைக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். ஆகவே நம்மவர்கள் விடுமுறைக்கு நிலாவெளிப் பக்கம் போவது இயல்பு. இவர் முந்தைய ஆண்டு அங்கே அடிப்படைச் சுழியோடிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வைத்திருந்தார். இம்முறை மாமாவின் வேனில் நண்பர்களோடு வெள்ளிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாமலை. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். பெரிய தீவின் உச்சி 45 மீற்றர்தான். அதற்கு 'மலை' என்று பெயரிருப்பதைக் கேட்டு மலைநாட்டார் சிரிப்பதுண்டு. 1963 ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2003 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இந்த 471 ஹெக்டேயர் பரப்பில், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டுடன் பகல் நேரத்தில் மட்டுமே இறங்கலாம். முருகைக்கல்லை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். பாறை ஆழமற்றது. சில மீற்றர் நீருக்கடியிலேயே மான்கொம்பு முருகைக்கல் கிளைபரப்பிக் கிடக்க, கரும்துடுப்புச் சுறாக்குட்டிகள் முழங்காலளவு நீரில் திரிவதைக் காணலாம். இந்த ஆழமின்மையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 'அங்கே ஆழமே இல்லையே, அதில் என்ன ஆபத்து' என்ற எண்ணம் நோயாளியிடமும் அவருடைய நண்பர்களிடமும் கடைசி வரை இருந்தது.

ஆனால் ஐந்து சுழியோட்டங்களில் முதலாவது மட்டுமே பூங்காவின் பாறையில் நடந்தது. சனிக்கிழமை 10 மீற்றர் ஆழத்தில் 50 நிமிடங்களும், பின்பு பூங்காவுக்கு வெளியே 14 மீற்றரில் 45 நிமிடங்களும் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை 7.00 மணிக்கு 18 மீற்றரில் 38 நிமிடங்கள், 9.00 மணிக்கு 16 மீற்றரில் 42 நிமிடங்கள்; 11.20 மணிக்கு 17 மீற்றரில் 40 நிமிடங்கள். இந்த ஐந்தாவது சுழியோட்டம் வேடிக்கை பார்ப்பதற்காகப் போனதல்ல. பாறைத்திட்டொன்றில் சிக்கிக் கிடந்த கைவிடப்பட்ட வலையை வெட்டி அகற்றும் தன்னார்வ வேலை. அத்தகைய வலை, மீனவர் கைவிட்ட பின்பும் மீன்களையும் ஆமைகளையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். அலைக்கு அசைந்து அசைந்து முருகைக்கல்லையும் அராவிவிடும். வேலை நல்ல வேலைதான். ஆனால் வெட்டிய துண்டுகளைப் படகில் கொடுப்பதற்காக அந்த 40 நிமிடங்களுக்குள் அவர் நான்கு தடவை நீர்மட்டத்துக்கு வந்து திரும்ப இறங்கியிருக்கிறார். கத்தியோடு போராடியதில் மூச்சு வேகமாகி, சிலிண்டரில் காற்று எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தீரத் தொடங்கியதால், 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்கும் வழக்கமான தரிப்பையும் இம்முறை விட்டுவிட்டார். 12.00 மணிக்குப் படகில் ஏறினார். ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடும், மணிக்கட்டிலிருந்த சுழியோடிக் கணினி, மேலே வரும்போது இடையிடையே நின்று நின்று ஏறவேண்டிய எல்லையை அவர் எந்தச் சுழியோட்டத்திலும் தாண்டவில்லை என்றே காட்டியது.

பகலுணவுக்குப் பின் 1.30 மணிக்கு வேன் புறப்பட்டது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக 6.30 அளவில் கண்டியில் தேநீர். கம்பளையைத் தாண்டிப் புசல்லாவை ஏற்றத்தில் ஏறியபோது மணி 7.30 ஆகியிருந்தது. றம்பொடைச் சுரங்கப்பாதைக்குச் சற்று முன்பாக, ஏறத்தாழ 8.30 மணிக்கு, தோளில் மந்தமான வலி தொடங்கியது. வேன் ஏற ஏற வலி ஆழமாகியது. வீடு சேரும்போது 9.40. வழமையில்லாத அசதி, சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார். அன்றிரவு தோட்டத்தில் நல்ல குளிர்.

ஏன் மலையில்

நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 18 மீற்றரில் சுழியோடி சுவாசிப்பது 2.8 வளிமண்டல அமுக்கத்திலுள்ள காற்றை. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைதரசனை உடம்பு பயன்படுத்துவதில்லை. அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுச் சவ்வுகளிலும் கரைந்து தங்குகிறது. மேலே வரும்போது கரைந்தது கரைந்தபடியே நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். அமுக்கம் வேகமாகக் குறைந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் பொங்குவது போலக் குமிழிகள் உண்டாகும். இந்த அமுக்கக் குறைவு நோயை முதலில் பரவலாக அனுபவித்தவர்கள் சுழியோடிகள் அல்லர். 19 ஆம் நூற்றாண்டில் ஆற்றுப் பாலங்களுக்கு அத்திவாரம் தோண்டுவதற்காக அமுக்கமூட்டிய அறைகளுக்குள் வேலை செய்த கூலித் தொழிலாளர்களே. நைதரசன்தான் காரணமென்று பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர் 1878 ஆம் ஆண்டு நிறுவினார். பிரித்தானியரான ஹோல்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, படிப்படியாக ஏறும் அட்டவணைகளை 1908 ஆம் ஆண்டு வெளியிட்டார்.

உடம்பின் எல்லா இழையங்களும் ஒரே வேகத்தில் நைதரசனை ஏற்பதுமில்லை, விடுவதுமில்லை. ஹோல்டேன் 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரையான ஐந்து அரைவாழ்வுக் காலங்களை, அதாவது இழையம் பாதியளவு நிரம்பவோ வெறுமையாகவோ எடுக்கும் நேரங்களை, வைத்துக் கணக்கிட்டார். இன்றைய கணினிகள் பலவற்றின் உள்ளே இருப்பது சுவிட்சர்லாந்து மருத்துவர் பூல்மன் உருவாக்கிய கணக்கு. அதில் மிக மெதுவான இழையத்தின் அரைவாழ்வுக் காலம் 635 நிமிடங்கள், அதாவது பத்தரை மணித்தியாலத்துக்கும் மேல். மலைநாட்டுக்காரரான பூல்மன் அந்தக் கணக்கை மலை ஏரிகளில் சுழியோடுபவர்களையும் மனத்தில் வைத்தே அமைத்தார் என்பது நமக்குக் கூடுதலாகச் சுவைக்கும் செய்தி. இரண்டு நாட்களில் ஐந்து தடவை இறங்கிய நம் நோயாளியின் மெதுவான இழையங்கள், சுழியோட்டங்களுக்கு இடையிலான ஒன்றேகால், ஒன்றரை மணித்தியால ஓய்வில் வெறுமையாகியிருக்க வழியே இல்லை. அவை தட்டுத் தட்டாக நிரம்பிக்கொண்டே போயிருக்கும்.

இப்போது உயரத்துக்கு வருவோம். கடற்கரையில் 1.0 ஆக இருக்கும் வளிமண்டல அமுக்கம் கண்டியில் ஏறத்தாழ 0.94 ஆகவும், 1,800 மீற்றரில் ஏறத்தாழ 0.80 ஆகவும் குறைகிறது. கடலில் இதே 0.2 வித்தியாசம் இரண்டு மீற்றர் மேலேறினாலே வந்துவிடும் என்பதால், பலர் இதை அற்பமென்று நினைக்கிறார்கள். முக்கியமானது கழித்தல் கணக்கு அல்ல, விகிதம். சுழியோடியின் உடம்பு பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லையை ஒட்டி நிற்கும் கடைசிக் கட்டத்தில், சுற்றியுள்ள அமுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு இல்லாமற் போகிறது. ஏற்கெனவே சத்தமில்லாமல் இருந்த குமிழி, வேறெதுவும் நடக்காவிட்டாலும் கால் பங்கு பெருக்கும். சுற்றியுள்ள இழையத்திலிருந்து அதற்குள் நைதரசன் புகும் வேகமும் கூடும்.

குளிருக்கும் இதில் பங்கிருந்திருக்கும் என்பது என் கருத்து. உடம்பு சூடாக இருக்கும்போது இரத்தவோட்டம் அதிகம், நைதரசன் விரைவாகச் சேரும். பின்பு குளிரும்போது தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சேர்ந்தது வெளியேறத் தாமதிக்கும். ஏறத்தாழ 28 பாகை நீரில் வியர்க்க வேலை செய்துவிட்டு, அன்றிரவே நுவரெலியாக் குளிரில் படுப்பதைவிடத் தலைகீழான ஒழுங்கு இருக்க முடியாது.

விமானப் படம்

இந்நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நோயாளியின் மணிக்கட்டுக் கணினி. ஐந்தாவது சுழியோட்டம் முடிந்ததும் அதன் திரையில் சிறிய விமானப் படமும், அதனருகே 18 என்ற எண்ணும் தோன்றியிருக்கின்றன. பதினெட்டு மணித்தியாலம் பறக்கக்கூடாது என்பது அதன் பொருள். அதைப் பற்றிக் கேட்டேன். "பாத்தேன் டொக்டர். நான் பிளேன்ல போகலயே, வேன்ல தானே போறேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பொறுப்பில்லாமலும் நடக்கவில்லை. படத்தைப் படமாகவே வாசித்திருக்கிறார். படகிலும் பொறுப்பாளர் எல்லோரிடமும், "இன்று யாருக்காவது விமானம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். கொழும்பு விமான நிலையத்துக்குப் போகவேண்டிய வெளிநாட்டவர் இருவர் கை தூக்கினர்; அவர்களை ஒரு நாள் தங்கச் சொன்னார்கள். வீடு எங்கே என்று உள்ளூரவரை எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே கடல் மட்டத்தில் வந்திறங்கிக் கடல் மட்டத்திலிருந்து விமானம் ஏறும் உல்லாசப் பயணியை மனத்தில் வைத்து உண்டானது. ஹற்றனிலிருந்தோ வெலிமடையிலிருந்தோ சுழியோட ஒருவர் வருவார் என்று அது எண்ணிப் பார்த்ததில்லை. நாமும் அண்மைக் காலம் வரை போனதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மையில் அந்த அறிவுறுத்தலின் எழுத்து வடிவம் விமானத்தை மட்டும் சொல்வதில்லை. சுழியோடிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் அமைப்பு கூட்டிய 2002 ஆம் ஆண்டுப் பட்டறையின் பரிந்துரை, 2,000 முதல் 8,000 அடி வரையான, அதாவது ஏறத்தாழ 610 முதல் 2,440 மீற்றர் வரையான உயரத்துக்குச் சமமான அமுக்கத்தைப் பற்றியது. ஒரேயொரு சாதாரண சுழியோட்டத்துக்குப் பின் குறைந்தது 12 மணித்தியாலம். ஒரே நாளில் பல தடவை அல்லது தொடர்ந்து பல நாட்கள் சுழியோடினால் குறைந்தது 18 மணித்தியாலம். நின்று நின்று ஏறவேண்டிய சுழியோட்டங்களுக்கு அதைவிடக் கணிசமாக அதிகம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. விமானத்தின் உள்ளறை அமுக்கம் வழக்கமாக 8,000 அடியைத் தாண்டாதபடி வைக்கப்படுவதை நினைத்தால், நுவரெலியாவில் தூங்குவது விமானத்துக்குள் தூங்குவதிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. நம் நோயாளி 610 மீற்றரைத் தாண்டியது கடலை விட்டு ஏழரை மணித்தியாலத்தில். வீடு சேர்ந்தது ஒன்பது மணித்தியாலம் 40 நிமிடத்தில். தேவைப்பட்ட காலத்தில் ஏறத்தாழப் பாதி. சில வகைக் கணினிகள் விமானப் படத்தோடு நில்லாமல், ஏறக்கூடாத உயரங்களைப் படிநிலைகளாகவும் காட்டுகின்றன, இவருடையது அவ்வகையல்ல.

சிகிச்சையும் இறக்கமும்

இந்நோய்க்கு உடனடி மருந்து ஒட்சிசன். அதைத் தொடங்கும்போதே ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டது. விரல்நுனிக் கருவி ஒட்சிசன் செறிவு 96 சதவீதம் என்று காட்டியதால், இளம் வைத்தியர் மூக்குக் குழாயில் இரண்டு லீற்றர் போதுமென்று நினைத்தார். இங்கே ஒட்சிசன் கொடுப்பது இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததற்காக அல்ல. சுவாசிக்கும் காற்றிலிருந்து நைதரசனை முற்றாக நீக்கினால், உடம்பிலுள்ள நைதரசன் வேகமாக வெளியேறும், குமிழியும் சுருங்கும். ஆகவே சேமிப்புப் பையுள்ள முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லீற்றர், கருவி என்ன காட்டினாலும். வலிக்குப் பிரசவ அறையிலுள்ள நைதரசு ஒட்சைட்டு வாயுக் கலவையைக் கொடுக்கலாமா என்ற யோசனையையும் கைவிட்டோம். அந்த வாயு குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெருப்பிக்கும். படுக்கையில் நேராகக் கிடத்தி, நாளம் வழியாக உப்புநீர் ஏற்றி, சிறுநீர் கழிக்க முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டால் முதலில் அடைபடக்கூடியது அதுவே.

முழுமையான சிகிச்சைக்கு அமுக்க அறை வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அது இருக்கிறது. அவர் விட்டு வந்த கடற்கரைக்கே திரும்ப வேண்டியிருந்தது என்பதைத் தாயாருக்கு விளக்குவதற்குச் சற்று நேரம் எடுத்தது. "அங்க போய்த்தானே ஐயா இப்படி ஆச்சு, திரும்ப அங்கயேவா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வான்வழியே அனுப்புவது பற்றி யாரோ பேசினார்கள். இத்தகைய நோயாளியை ஏற்றிய ஹெலிகொப்டர் 300 மீற்றருக்கு மேல் பறக்கலாகாது என்பது பொதுவான விதி; நாங்கள் நின்றிருந்த தரையே அதைப்போல ஆறு மடங்கு உயரம். ஆகவே தரைவழிதான். எங்கள் இடத்திலிருந்து றம்பொடை, கம்பளை வழி இறக்கமாகவே போவதால், வழியில் வேறு மேட்டைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சிக்கல் ஒட்சிசன் அளவு. நிமிடத்துக்கு 15 லீற்றர் என்றால் மணித்தியாலத்துக்கு 900. ஏழு மணித்தியாலப் பயணத்துக்கு 6,300 லீற்றர். அம்பியூலன்ஸில் ஏற்றிய 1,360 லீற்றர் உருளை ஒன்றரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். ஐந்து உருளைகள் வேண்டும். எங்களிடம் நிரம்பியிருந்தவை மூன்று. வழியிலுள்ள வைத்தியசாலைகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, கண்டியில் இரண்டை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். மலையக வைத்தியசாலை எதிலாவது இத்தகைய நோயாளி மீண்டும் வந்தால், முதலில் செய்யவேண்டிய கணக்கு இதுவென்பேன். நாங்கள் அதை அம்பியூலன்ஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தோம்.

மாலை 5.00 மணிக்குப் புறப்பட்டார்கள். உடன் போனவர் மன்னார்த் தாதியே. கம்பளையைத் தாண்டும்போது தோள்வலி பாதியாகக் குறைந்ததாக அவர் குறித்து வைத்திருக்கிறார். அது ஒட்சிசனின் வேலையா, 1,300 மீற்றர் இறக்கத்தின் வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே குமிழிக்கு எதிரானவை. நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கு அமுக்க அறையில் சேர்க்கப்பட்டார். முதல் வலி தொடங்கி 28 மணித்தியாலம் ஆகியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் இலக்கச் சிகிச்சை அட்டவணைப்படி, 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசனும் இடையிடையே ஐந்து நிமிடச் சாதாரண காற்றும், பின்பு 9 மீற்றருக்குச் சமமான அமுக்கத்திலும் அவ்வாறே, மொத்தம் 285 நிமிடங்கள். தோள்வலி முதல் அரை மணித்தியாலத்துக்குள் மறைந்துவிட்டது. பாதத்தின் மரத்துப்போன தன்மை மறையவில்லை. அதற்காக மேலும் இரண்டு தடவை அறைக்குள் வைக்கப்பட்டார்.

தாமதம் எவ்வளவு பாதித்தது என்பது இவ்வாய்வில் நான் தவிர்க்க முடியாத கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் பதிவுகளின்படி, இந்நோயின் அறிகுறிகள் 42 சதவீதமானோரில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளும், 83 சதவீதமானோரில் எட்டு மணித்தியாலத்துக்குள்ளும், 98 சதவீதமானோரில் 24 மணித்தியாலத்துக்குள்ளும் தோன்றிவிடுகின்றன. இவருக்கு எட்டரை மணித்தியாலத்தில், அதுவும் ஏற்றத்தில், தோன்றியது. அவர் நிலாவெளியிலேயே அன்றிரவு தங்கியிருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று என்னால் உறுதி கூற முடியாது. மேலும் கீழுமாக நான்கு தடவை ஏறியதும், விட்டுப்போன தரிப்பும் குமிழிகளைக் கடலிலேயே விதைத்திருக்கும். ஆனால் அவற்றை வலியாக மாற்றியது உயரமே என்று கருதுகிறேன். கால் மரத்தது திங்கட்கிழமை நண்பகலுக்குப் பின். காலை 8.00 மணிக்கு நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். அப்போது இருந்தது தோள்வலி மட்டும்.

சிகிச்சைக்குப் பின் குறைந்தது 72 மணித்தியாலம் உயரத்துக்கு ஏறக்கூடாது என்று சொல்லப்பட்டதால், அவர் உடனே வீடு திரும்ப முடியவில்லை. தாயார் கீழே இறங்கிப் போய், தெரிந்தவர் வீட்டில் மகனோடு தங்கினார். பின்பு கண்டியில் நண்பர் வீட்டில் இரண்டு இரவுகள். அதன் பிறகே மலை ஏறினார்.

மலையகத்தவர் இனிச் சுழியோடப் போகும்போது பயன்படும் என்பதால் வழிகளைப் பற்றியும் சற்றுச் சொல்கிறேன். கண்டி, கம்பளைக்காரர்களுக்குப் பெரிய சிக்கலில்லை. அவர்களுடைய நகரங்கள் 610 மீற்றருக்குக் கீழே. பதுளை அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது. அங்கு போகிறவர் மஹியங்கனை வழியாகப் போனால் தாழ்வாகவே போகலாம். அழகுக்காக நுவரெலியாவைச் சுற்றிப் போனால் தேவையில்லாமல் 1,900 மீற்றரைத் தொடுவார். ஹற்றனுக்குப் போகிறவர் நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியை எடுக்க வேண்டும். எப்படிப் போனாலும் ஹற்றனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல், ஹப்புத்தளை 1,400க்கும் மேல். ஆகவே வழி மாற்றுவது காத்திருப்பதற்கு ஈடாகாது. ஞாயிறு மாலை வீட்டிலிருக்க வேண்டுமென்றால் கடைசிச் சுழியோட்டம் சனிக்கிழமையோடு முடிய வேண்டும். ஞாயிறு காலையைக் கடற்கரையில் மீன் பொரியலோடு கழிப்பதில் தவறொன்றும் இல்லை.

ஆறு வாரங்களுக்குப் பின் அவரைப் பரிசோதித்தேன். கண்மூடி முழு நிமிடம் நின்றார். கணுக்காலின் பலம் திரும்பிவிட்டது. இடது சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும் உணர்வு இன்னும் மங்கல். பிறப்புக்கு முன் திறந்திருந்து பின் மூடவேண்டிய, இதய மேலறைகளுக்கு இடையிலான துளை, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடாமலிருக்கும்; அது நாளக் குமிழிகளை நாடிப் பக்கம் தப்பவிடும் என்பதால் அதற்கான பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தோம். துளை இல்லை. பழியை அதன் மேல் போட முடியவில்லை.

தன் சுழியோட்டக் குறிப்பேட்டை அவர் கொண்டு வந்திருந்தார். ஐந்தாவது சுழியோட்டத்தின் பக்கத்தில், மேலே வந்த நேரம் என்ற கட்டத்தில் முன்பு எழுதியிருந்த 12.00ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் இரவு 9.40 என்று எழுதியிருந்தார். இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தது.